ராஜபாளையம் நாயை வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தால்: தோப்பா, ஷெல்டரா, ஃபாஸ்டரா?

ராஜபாளையம் நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "தோப்பு வச்சிருக்கவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, அங்கன்னா நல்லா ஓடியாடி இருக்கும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் அடைந்து கிடக்கும் வேட்டை நாய்க்குத் தென்னந்தோப்பை விட்டால் வேறென்ன வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கைவிடப்பட்ட ராஜபாளையங்களை என் வீட்டில் தற்காலிகமாக வைத்திருந்து வேறு வீடு பார்த்துக் கொடுத்துவரும் எனக்கு இந்தத் தோப்பு யோசனையில் பெரிய நம்பிக்கை கிடையாது. என்னிடம் கழுத்தில் சங்கிலிப் புண்ணோடு வந்தவற்றில் பாதிக்கு மேல் முன்பு யாரோ ஒருவர் "நல்லா இருக்கும்" என்று நம்பித் தோப்புக்கு அனுப்பிய நாய்கள்தான்.

அதனால் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தெருவில் கண்டெடுத்த ராஜபாளையம் உங்கள் கையில் இருக்கலாம், அல்லது நீங்களே ஆசையாக வாங்கி இப்போது முடியாமல் தவிக்கலாம். முடிவெடுக்கும் விதம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் இவ்வளவு ராஜபாளையங்கள் ஏன் வீடு மாறுகின்றன என்று பார்க்க வேண்டும். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. அப்போது அதைக் கவனித்தவர்கள் குறைவு. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகுதான் நாட்டு மாடு, நாட்டுக் கோழி, நாட்டு விதை என்ற வரிசையில் நாட்டு நாயும் சேர்ந்துகொண்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியதும் ஆர்வம் இன்னும் ஏறியது. பெருமைக்காக வாங்கியவர்கள் ஏராளம். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, மெலிந்த நீளக் கால் என்று குட்டியாக இருக்கும்போது பார்க்கவே அழகு. அது ஏழெட்டு மாதத்தில் இடுப்பளவு வளர்ந்து, வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டர்காரரையும் பால்காரரையும் உள்ளே விடமாட்டேன் என்று நிற்கும்போதுதான் இது காவலுக்கும் வேட்டைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட இனம் என்பது வீட்டாருக்கு உறைக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரைதான் கைவிடுவது அதிகம். அந்த வயதில் அடங்காது, சுவர் தாண்டும், பூனையைத் துரத்தும், செருப்பைக் கடிக்கும். இரண்டு வயதைத் தாண்டினால் அதே நாய் பகல் முழுக்கத் தூங்குகிற, சொன்னால் கேட்கிற நாயாக மாறிவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

இன்னொரு காரணம் காது. இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு, அதிலும் நீலக்கண் குட்டிகளில் அதிகம். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தருகிற அதே வகைச் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் நரம்புச் செல்கள் அழிந்துவிடும். மற்றக் குட்டிகளோடு இருக்கும்போது தெரியாது, அவை ஓடினால் இதுவும் ஓடும். தனியாக வீட்டுக்கு வந்த பிறகு "கூப்பிட்டா வரமாட்டேங்குது, திமிரு" என்று அடி வாங்கும். கடைசியில் யாராவது கண்டுபிடித்ததும் கைவிடப்படும். உங்கள் கையில் இருக்கும் நாய்க்குக் காது கேட்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அது தூங்கும்போது, உங்கள் நிழலோ காலடி அதிர்வோ காற்றோ அதன் மேல் படாத தூரத்தில் நின்று, விசில், சாவிக்கொத்து, பிஸ்கட் பாக்கெட் என்று வேறு வேறு சத்தம் கொடுத்து, வேறு வேறு நாளில் செய்து பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத நாயை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, பரவாயில்லை, அது பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். இரண்டும் கேட்காத நாய் என்றால் கீழே சொல்லும் வழிகளில் பாதி அதற்கு மூடிவிடுகிறது.

சரி, தோப்பு. அதற்காகச் சொல்லப்படும் ஒரே வாதம் இடம்தான். இடம் இருப்பது உண்மை, அந்த இடத்தை நாய்க்குத் தருவார்களா என்பதுதான் கேள்வி. தோப்பு என்றால் அங்கே கோழி இருக்கும், ஆடு இருக்கும், பக்கத்துத் தோப்புக்காரரின் கோழியும் ஆடும் இருக்கும். புதிதாக வந்த ராஜபாளையம் முதல் வாரத்திலேயே இரண்டு கோழியை அடிக்கும், மறுநாள் சங்கிலி விழும், அந்தச் சங்கிலி அப்புறம் கழலாது. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு மரம், அந்த மரத்தைச் சுற்றி நாலடி வட்டம், ஒரு நாளைக்கு ஒருமுறை யாராவது வந்து கொட்டிவிட்டுப் போகும் சோறு. அடுக்குமாடி வீட்டில் காலையும் மாலையும் அரைமணி நேரம் நடை போய்க்கொண்டிருந்த நாய் இதைவிட நன்றாகத்தான் இருந்தது. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டிப்போட்டிருக்கும் நாய்க்கு நடையோ பயிற்சியோ கொடுக்காமல் விடுவதையும் குற்றம் என்றே சொல்கிறது. தோப்பில் போய் யார் பார்க்கப்போகிறார்கள்?

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத் தோப்பு என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், தென்காசிப் பக்கத்து ஆட்கள் "நாய் பிறந்த ஊருக்கே வருது, விடுங்க சார்" என்பார்கள். அங்கே இரவில் சிறுத்தை இறங்கும் இடங்கள் உண்டு, கட்டிப்போட்ட நாய்தான் அதற்குச் சுலபமான இரை. பன்றிக்குப் போட்ட திருட்டு மின்வேலி இருக்கிறது, விஷம் வைத்த தீனி இருக்கிறது, பாம்பு இருக்கிறது. எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் "பன்னிக்கு நிக்குமா?", "முயல் பிடிக்குமா?" என்று போனிலேயே கேட்கிறவர்கள். காட்டுப்பன்றியையும் முயலையும் நாய் வைத்து வேட்டையாடுவது 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம், பன்றியின் கொம்பில் குடல் சரிந்து சாவது நாய். அந்தக் கேள்வி வந்த போனை நான் அத்தோடு வைத்துவிடுவேன்.

எல்லாத் தோப்பும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். தோப்புக்குள்ளேயே குடும்பம் குடியிருந்து, பகலில் நாய் வீட்டு ஆட்களோடேயே திரிந்து, சுற்றி ஆறடி வேலியோ சுவரோ இருந்து, இரவில் அது வீட்டுத் திண்ணையிலோ உள்ளேயோ படுக்கிறது என்றால் ராஜபாளையத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ராத்திரி அங்க யார் படுக்கிறாங்க?" வாட்ச்மேன் என்று பதில் வந்தால், அந்த வாட்ச்மேனோடு பேச வேண்டும், முதலாளியோடு அல்ல. யாரும் படுப்பதில்லை, அதனால்தான் நாய் தேடுகிறோம் என்று பதில் வந்தால் பேச்சே வேண்டாம். இந்த இனம் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றியே வாழும். ஆளில்லாத இடத்தைக் காக்கச் சொல்லி விட்டால் குரைத்துக் குரைத்தே கெட்டுப்போகும், இல்லையென்றால் ஓடிவிடும்.

அடுத்தது ஷெல்டர். சென்னையில் 1959 முதல் இயங்கும் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளும், மாவட்டந்தோறும் இருக்கும் சின்னச் சின்னக் காப்பகங்களும் செய்கிற வேலை சாதாரணமானதல்ல. ஆனால் அங்கெல்லாம் அடிபட்ட நாய்க்கும் நோய் முற்றிய நாய்க்கும்தான் முதலிடம், இருக்கவும் வேண்டும். கால் ஒடிந்த ராஜபாளையத்தைச் சாலையில் பார்த்தால் யோசிக்காமல் அங்கே போன் செய்யுங்கள், அல்லது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி இடத்துக்கு நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள். நல்ல ஆரோக்கியத்தோடு, ஒரு வீட்டில் இருந்து பழகிய நாயைக் கொண்டுபோய் விடுவது வேறு விஷயம். சுற்றிலும் ஏகப்பட்ட நாய்கள் ஓயாமல் குரைக்கும் இடத்தில் ராஜபாளையம் லேசில் ஒட்டாது. சில நாட்கள் சாப்பிடாது, மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கும், இல்லாவிட்டால் கம்பிக்கு அந்தப்பக்கம் வரும் எல்லாரையும் பார்த்துப் பாயும். அதைப் பார்த்துவிட்டு எடுக்க வந்தவர் பயந்து திரும்பிவிடுவார், நாய் அங்கேயே தங்கிவிடும். அந்த நாயின் உண்மையான சுபாவம் ஷெல்டரில் வெளியே வராது என்பதுதான் பெரிய நஷ்டம். தடுப்பூசி போடாத நாய் என்றால் டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள் தொற்றும் அபாயமும் உண்டு.

கேட்டைத் தட்டாமல் ராத்திரியில் ஷெல்டர் வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வைத்திருந்த நாயைப் பசிக்கும் தாகத்துக்கும் விட்டுவிட்டுப் போவதும் முன்னே சொன்ன மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய், 1960-இல் எழுதிய தொகை இன்னும் மாறவில்லை. அதனால் சட்டத்துக்குப் பயந்து யாரும் நிறுத்தப்போவதில்லை என்பதும் தெரியும்.

வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்கலாமா? கொஞ்சம் பேர் வாங்கிக்கொள்வார்கள். குட்டியை எட்டு வாரத்துக்கு முன்னால் பிரித்து விற்காத, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்த, தாய் தகப்பன் நாயைக் கூச்சமில்லாமல் காட்டுகிற ஆளாக இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர் எடுக்காவிட்டாலும் நாயை அறிந்த நாலு பேரை அவருக்குத் தெரிந்திருக்கும். மற்றபடி பெட்டை நாயைத் திருப்பிக் கொடுத்தால் அது ஈத்துக்கு ஈத்து குட்டி போடத்தான் போகும், கடுவனைக் கொடுத்தால் அடுத்த வாரம் வேறொருவருக்கு விலைக்குப் போகும். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொந்தக்காரர், நண்பர், வாட்ஸ்அப் குழு வழியாக நேரடியாகக் கொடுப்பதுதான் நடைமுறையில் அதிகம் நடப்பது. சீக்கிரம் முடியும், இடையில் ஆள் கிடையாது, நாயும் ஒரே ஒரு தடவைதான் இடம் மாறும், இது மூன்றும் நல்லது. "ஒரிஜினல் ராஜபாளையம், இலவசம்" என்று படத்தோடு போட்டீர்கள் என்றால் ஒரே மாலையில் உங்கள் போன் சூடாகிவிடும், அதுதான் ஆபத்தும். இலவசமாக எடுத்து விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள், பெட்டை என்றால் முதல் கேள்வியே "எத்தனை ஈத்து போட்டிருக்கு?" என்பதாக இருக்கும். படத்தில் பால் வெள்ளையாக நிற்கிற நாயைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை, யோசிக்காதவர்கள், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் அவர்களும் தோப்பு தேடுவார்கள்.

நேரடியாகக் கொடுப்பதென்றால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்று, வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். வெளியூர் என்றால் வீடியோ அழைப்பில் சுவர், கேட், மொட்டை மாடி, நாய் படுக்கப்போகும் இடம் எல்லாவற்றையும் காட்டச் சொல்ல வேண்டும். நாலடிச் சுவரை இந்த நாய் ஓடி வராமலே தாண்டும். இன்னொன்று, கருத்தடை செய்த பிறகுதான் கை மாற வேண்டும்.

இந்தக் கருத்தடை விஷயத்தில் எனக்கு நிறைய வாக்குவாதம் நடந்திருக்கிறது. "நாட்டு இனம் அழிஞ்சுகிட்டு இருக்கு, நீங்க போய் கருத்தடை பண்றீங்களே, இது வெளிநாட்டுக்காரன் சதி" என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறார்கள். இனம் காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் எனக்கும் அவர்களுக்கும் சண்டை இல்லை. ஆனால் இனத்தைக் காப்பாற்றுவது என்பது தாய் தகப்பன் தெரிந்த, பாட்டன் பூட்டன் தெரிந்த, காது பரிசோதித்த, சுபாவம் பார்த்த நாய்களைச் சேர்ப்பது. அந்த வேலையைப் பொறுப்பாகச் செய்கிறவர்கள் தென் மாவட்டங்களில் இருக்கிறார்கள், செய்யட்டும். பெருங்களத்தூர்ப் பாலத்தடியில் கண்டெடுத்த, யாருக்குப் பிறந்தது என்றே தெரியாத நாயிடமிருந்து குட்டி எடுத்தால் செவிடும் தோல் நோயும் அண்ணன் தங்கைச் சேர்க்கையின் கோளாறுகளும்தான் பெருகும், ராஜபாளையம் பெருகாது. வெள்ளையாகப் பிறந்தால் போதும் என்று கண்டபடி சேர்த்ததால்தான் இவ்வளவு செவிட்டு நாய்கள் நம்மிடம் வருகின்றன.

ஆபரேஷன் என்றால் டாக்டரிடம் ஒன்றை நினைவூட்டுங்கள். வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய நேரம் அதிகமாகும், கண் விழிக்கும்வரை உடம்புச் சூடு இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அனுபவமுள்ள டாக்டருக்கு இது தெரியும், சொல்லிவைப்பதில் தப்பில்லை. உண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா என்று ரத்தம் பார்க்காமல் மீட்ட நாயை ஆபரேஷன் மேசையில் ஏற்றவே கூடாது. அந்தக் காய்ச்சலில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறையும், அப்படிக் குறைந்திருக்கும் நாய்க்கு ரத்தம் நிற்காமல் போகும்.

இப்போது ஃபாஸ்டர். அதாவது நிரந்தரமாக எடுக்காமல், சரியான வீடு கிடைக்கும்வரை ஒரு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. என் ஓட்டு இதற்குத்தான், காரணம் இரக்கம் அல்ல, தகவல். இந்த நாய் குழந்தையிடம் எப்படி, பூனையிடம் எப்படி, தனியாக விட்டால் என்ன செய்யும், தட்டில் கை வைத்தால் உறுமுமா, இடியோசைக்கு நடுங்குமா, புது ஆள் உள்ளே வந்து உட்கார எத்தனை நிமிஷம் அனுமதிக்காது, இதெல்லாம் ஒரு வீட்டுக்குள் சில வாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். முதல் மூன்று நாள் பயந்து ஒடுங்கிக் கிடக்கும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில்தான் தன் வீடு என்று ஆகும் என்று மீட்பு வேலை செய்கிறவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். ராஜபாளையத்துக்கு அது ஓரளவு பொருந்துகிறது, ஒரு எச்சரிக்கையோடு: முதல் வாரத்தில் "எவ்வளவு சாது பாருங்க" என்று எல்லாரும் சொல்லும் நாய், மூன்றாவது வாரத்தில் இது என் வீடு என்று முடிவு செய்ததும் வாசலில் நின்று காவல் காக்கத் தொடங்கும். அந்த மாற்றத்தைப் பார்க்காமல் கொடுத்தால், வாங்கியவர் மூன்றாவது வாரத்தில் போன் செய்து "நீங்க சொன்ன நாய் இது இல்லையே" என்பார்.

ஃபாஸ்டர் என்பது சும்மா சோறு போட்டு வைத்திருப்பது அல்ல, கொஞ்சம் வேலை இருக்கிறது. வீட்டில் வேறு நாய் இருந்தால் புது நாய்க்கு முதல் இரண்டு வாரம் தனி அறை, தனித் தட்டு, தனி நடை. இருமலோ, கண்ணில் பீளையோ, ரத்தத்தோடு பேதியோ வருகிறதா என்று அப்போதுதான் தெரியும். குடற்புழு மருந்து, ரேபிஸ் ஊசி, கூட்டுத் தடுப்பூசி, உண்ணி மருந்து எல்லாம் டாக்டர் சொல்லும் வரிசையில். எலும்பு தெரிகிறதே என்று ஒரே நாளில் கோழியும் சோறுமாகக் கொட்டக் கூடாது, பட்டினி கிடந்த உடம்புக்குச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். தவிர, ராஜபாளையத்துக்கு ஆரோக்கியமாக இருக்கும்போதே கடைசி விலா எலும்பு லேசாகத் தெரியும், அதை லாப்ரடார் மாதிரி ஆக்கிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். ரோஸ் மூக்கும் வெளுத்த காது மடலும் வெயிலில் வெந்துவிடும், அதனால் நடை விடிகாலையிலும் பொழுது சாய்ந்தும். தொடர்ந்து ஃபாஸ்டர் செய்கிறவர்கள் தங்களுக்கும் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

பணம் யார் தருவது என்பதை நாய் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே பேசிவிடுங்கள். இது பெரிய நாய், சாப்பாடு, ஊசி, ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் எல்லாம் சேர்ந்தால் சின்னத் தொகை இல்லை. நாயைக் கைவிடுகிறவர் வசதியானவர் என்றால் மருத்துவச் செலவை அவர் தரட்டும் என்று கேட்பதில் எனக்குக் கூச்சமே கிடையாது. சிலர் தருவார்கள், சிலர் போனை எடுக்க மாட்டார்கள்.

ஃபாஸ்டருக்கு ஒரு குறையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளும் இனம் என்று சொன்னேன் அல்லவா, நாலைந்து மாதம் வைத்திருந்தால் அது உங்களையே பிடித்துக்கொள்ளும், பிறகு பிரிப்பது அதற்கு இன்னொரு கைவிடல். அதனால் வீட்டில் ஒரே ஆள் மட்டும் சோறு போடாமல், ஒரே ஆள் மட்டும் நடக்கக் கூட்டிப்போகாமல், முடிந்தவரை எல்லாரும் மாறி மாறிச் செய்யுங்கள். வீடு தேடும் வேலையை முதல் நாளிலேயே ஆரம்பித்துவிடுங்கள், "குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள்.

கடைசி வழி, பலர் வழியாகவே நினைக்காதது: உங்களிடமே வைத்துக்கொள்வது. நீங்கள் கைவிட நினைக்கும் காரணம் என்ன என்று ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பாருங்கள். "அசோசியேஷன்ல நாய் வைக்கக் கூடாதுங்கறாங்க" என்றால், குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, அதைப் படியெடுத்துக் கொடுத்தாலே பல செயலாளர்கள் அமைதியாகிவிடுவார்கள். சென்னையில் என்றால் மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் தடுப்பூசிச் சான்றும் ஒழுங்காக இருந்தால் பேசும்போது நமக்கும் தைரியமாக இருக்கும். வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்கிறார் என்றால் வேறு கதை, அதற்குச் சுலபமான பதில் கிடையாது. "அடங்க மாட்டேங்குது, ஒரு வயசு" என்றால், கருத்தடை, இரண்டு வேளை நல்ல நடை, கொஞ்சம் பயிற்சி, ஒரு வருஷப் பொறுமை போதும், நாயை மாற்ற வேண்டாம். வெளிநாடு போகிறோம், வீட்டில் நோயாளி இருக்கிறார், வைத்திருந்தவர் இறந்துபோனார் என்றால் அவை உண்மையான காரணங்கள், யாரும் குறை சொல்லப்போவதில்லை. அப்படிப்பட்ட நிலையிலும்கூட, வீடு கிடைக்கும்வரை நாய் உங்களிடமே இருக்க முடியுமா என்று பாருங்கள். உங்கள் வீடுதான் அதற்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல ஃபாஸ்டர் வீடு, அதன் பழக்கம் எல்லாம் தெரிந்தவரும் நீங்கள்தான்.

நாய்க்கு நாய் முடிவு மாறும். ஒன்றரை வயதுத் துடுக்கு நாய் என்றால் ஃபாஸ்டரில் சில வாரம் வைத்து, பிறகு சுவர் உள்ள தனி வீட்டுக்கு. ஏழெட்டு வயதைத் தாண்டியது என்றால், முடிந்த மட்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கடைசிவரை வைத்துக்கொள்கிற ஃபாஸ்டர், அதாவது செலவைப் பலர் பகிர்ந்துகொண்டு ஒரு வீட்டில் இருப்பது. காது கேட்காத நாய் என்றால் தோப்பும் இல்லை, ஷெல்டரும் இல்லை. மனிதர் இருக்கிற, கேட் மூடியிருக்கிற வீடு மட்டும். கைச்சைகையில் உட்கார், வா, நில் எல்லாம் அழகாகக் கற்றுக்கொள்ளும், இருட்டில் டார்ச்சை இரண்டு தடவை அடித்தால் ஓடி வரும். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல் தரையைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பதை மட்டும் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், திடுக்கிட்டு எழுந்தால் எந்த நாயும் கடிக்கக்கூடும். வெளியே எப்போதும் கயிறில்தான்.

கடித்த நாய் என்றால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கடிபட்டவர் 15 நிமிஷம் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும், நாயை 10 நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும், அந்தப் 10 நாளில் அதை எங்கேயும் அனுப்பக் கூடாது. பிறகு யாருக்குக் கொடுத்தாலும் எப்போது, யாரை, எந்தச் சூழலில், எவ்வளவு ஆழமாகக் கடித்தது என்று எழுதியே கொடுக்க வேண்டும். கேட்டைத் திறந்து உள்ளே வந்த அந்நியரைக் கடித்ததும் வீட்டுக் குழந்தையை முகத்தில் கடித்ததும் ஒன்றல்ல. முதலாவதுக்கு அனுபவமுள்ள வீடு கிடைக்கும். இரண்டாவதை மறைத்துக் கொடுக்கிறவரை நான் மன்னிக்கவே மாட்டேன்.

கை மாறும் அன்று தேவையானவை: இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் காகிதம், மருத்துவச் சீட்டுகள், மைக்ரோசிப்பிலும் உரிமத்திலும் பெயர் மாற்றம், போன் நம்பர் எழுதிய பெல்ட். வெளியூர்ப் பயணம் என்றால் ரயிலில் முதல் வகுப்பில் தனிக் கூப்பே, அதாவது இரண்டு பேருக்கான தனி அறை, கிடைத்தால் கூடவே கொண்டுபோகலாம், கிடைக்காவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டுதான். சித்திரை வைகாசி வெயிலில் அந்தக் கூண்டில் ராஜபாளையத்தை ஏற்றாதீர்கள், ராத்திரியில் காரில் போங்கள். புது வீட்டில் முதல் வாரம் பெல்ட், ஹார்னஸ் இரண்டிலும் கயிறு மாட்டித்தான் வெளியே. பழைய வீட்டைத் தேடி ஓடும் நாய்கள் அந்த வாரத்தில்தான் சாலையில் அடிபடுகின்றன.

காகிதத்தில் நான் கட்டாயம் எழுத வைக்கும் வரி ஒன்று: என்ன காரணமாக இருந்தாலும் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் நாய் என்னிடமே திரும்பி வர வேண்டும், வேறு யாருக்கும் போகக் கூடாது. அப்படி எழுத வைத்துவிட்டு அடுத்த நாளே வேறொரு நாயை வாங்கி அறையை நிரப்பிவிட்டால் அந்த வரிக்கு அர்த்தம் கிடையாது, அதனால் ஒரு நாய் போன பிறகு ஒரு மாதத்துக்காவது அந்த அறையைக் காலியாக வைக்கிறேன், "இன்னொன்னு இருக்கு அண்ணே, வெள்ளை வெளேர்னு இருக்கு" என்று எவ்வளவு கெஞ்சிப் போன் வந்தாலும்.